பார்சல் திரும்பி வந்த வாரம்

காந்திபுரம் கொரியர் கடைப் பையன்
முகவரியைப் பார்த்துச் சிரித்தான்.
"எழுத்துப் பிழைங்க சார்.
கோயமுத்தூர்ல இருந்து கோயமுத்தூருக்கா
நாலாயிரத்து எரநூறு?"
தம்பி, இது கோயிம்பிரா. போர்ச்சுகல்.
எழுநூறு வருசத்துப் பல்கலைக்கழகம்,
மேட்டு மேல இருக்குது,
எங்க வீட்டுக்காரம்மா அங்க படிக்கிறாங்க
என்றேன்.
வரிசையில் பின்னால் நின்றவர்
"என்ன வயசுங்க அவியளுக்கு?" என்றார்.
நாற்பத்து மூன்று.
அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை,
தன் பார்சலை மட்டும்
இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

கம்ப்யூட்டரும் என்னை நம்பவில்லை.
பதினோராம் நாள்
கணபதி வரைக்கும் சுற்றிவிட்டு
பீளமேட்டில் என் கதவுக்கே வந்து நின்றது
இரண்டு கிலோ கொள்ளுப்பொடி.

போன புதிதில் கோகிலவாணி
ஒவ்வொன்றாகக் குறை சொல்வாள்.
தரை சில்லிடுகிறது, பால் வேறு மாதிரி,
ரூமில் ஜன்னல் இருக்கிறது, வெயில் இல்லை.
மணிக்கூண்டு மணிக்கு வெள்ளாடு என்று பெயராம்.
வகுப்புக்குக் கூப்பிடும் எரிச்சலில்
எந்தக் காலத்திலோ பிள்ளைகள் வைத்தது.
"ஆடு கத்திருச்சு, வெச்சர்றேன்" என்பாள்.
பெருந்துறைப் பக்கம்
பட்டிக்குப் படல் சாத்திப் பழகியவள்.
நூற்றி இருபத்தைந்து படி ஏறணும், முட்டி போகுது
என்றபோது
மருதமலையை விடக் கம்மிதானே என்றேன்.
"மருதமலைக்கு நீங்க வண்டியிலதானுங்க போவீங்க."

அக்டோபர் கடைசி ஞாயிறு
வழக்கமான நேரத்துக்குக் கூப்பிட்டு
அவளைத் தூக்கத்தில் எழுப்பிவிட்டேன்.
ராத்திரியோடு ராத்திரியாக
ஊர் மொத்தமும் கடிகாரத்தை
ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டதாம்.
நாலரையாக இருந்த தூரம் ஐந்தரை ஆனது,
யாரும் டிக்கெட் எடுக்காமலே.

அவளுக்கு வேலை இழுப்பறைகளில்.
எந்தக் கப்பலிலோ கோவாவிலிருந்து போன செடிகள்
தாளோடு தாளாகக் காய்ந்து கிடக்கின்றன.
ஒருநாள் கேட்டாள்:
"நம்ம பட்டறைக்குப் பின்னால ஆவாரை நிக்குமே,
இப்பப் பூத்திருக்குதுங்களா?"
பதினெட்டு வருசமாக
அந்தச் சுவரோரம் ஒதுங்கியிருக்கிறேன்,
வேறு காரியத்துக்கு.
அன்றைக்குத்தான் பார்த்தேன்.
பூத்திருந்தது, மஞ்சளாக,
தாமிரக் கழிவும் வார்னிஷ் டப்பாவும் கொட்டின இடத்தில்.
இலைக்கு அடிப்பக்கமும் படம் எடுக்கச் சொன்னாள்.
மண்டி போட்டு எடுத்தேன்.
மயில்சாமி, என்னிடம் காயில் சுற்றுகிறவன்,
அண்ணனுக்கு எதாவது கீழே விழுந்துவிட்டதா
என்று கூடவே தேடினான்.

இப்போது பிப்ரவரி.
பார்சல் திரும்பிய சேதி சொன்னதும் சிரித்தாள்.
அனுப்ப வேண்டாமுங்க,
பக்கத்து ரூம் அங்கோலாக்காரி லூர்தெஸ்
கீரைக் கஞ்சி வைக்கிறாள்,
நாலு மிளகாயைத் தட்டிப் போட்டால்
நம்ம கடைசலுக்கு ஒறம்பரை மாதிரி இருக்குது.
பழைய துணிக்கடையில் கறுப்புக் கோட்டு ஒன்று
பன்னிரண்டு யூரோவுக்குப் பேசி வாங்கிவிட்டாள்.
பேசி வாங்கினாள். அந்த பாஷையில்.

நேற்றுச் சாயங்காலம் சூலூர்க்காரர் மோட்டார்,
ஐந்து எச்பி, அவசரம்.
தோளில் போனை இடுக்கிக்கொண்டு
சுற்றிக்கொண்டிருந்தேன்.
அவள் மூச்சு வாங்கியது, சாவி திரும்பியது,
"சரிங்க, வீட்டுக்கு வந்துட்டேன்" என்றாள்.

செப்டம்பரில் ரூமுக்கு வந்துட்டேன் என்பாள்.
நவம்பரிலும் ரூம்தான்.

முப்பத்தொன்றா, முப்பத்திரண்டா,
சுற்று எண்ணிக்கை விட்டுப்போனது.
"நானும் இப்பத்தான் வந்தேன்" என்றேன்,
பட்டறையில், பாதி ஷட்டருக்குக் கீழே நின்றுகொண்டு.

கம்பியை அவிழ்த்து
ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.
கொள்ளுப்பொடியில் ஒரு கிலோ
மயில்சாமிக்குக் கொடுத்துவிட்டேன்.
மீதி இருக்கிறது.